பன்னிரண்டு திடல்களும் ஒரு செவலைப் பசுவும்

வயல் ஆய்வு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் வெற்றிகளில் ஒன்றைச் சொல்லும்படி கேட்டு எழுதியிருந்தார்கள். தேடிப் பார்த்தேன். வெற்றிகளெல்லாம் ஆண்டறிக்கைகளில் பத்திரமாக இருக்கின்றன. அந்த அறிக்கைகளை எழுதியவன் நானே என்பதால், அவற்றை நம்புவதில் எனக்குச் சில தயக்கங்கள் உண்டு. ஆகவே ஒரு தவறைச் சொல்கிறேன். இதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. விதை, உரம், உழைப்பு எல்லாம் என்னுடையவை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது என்பதும் இப்போது இதைச் சொல்வதற்கு ஒரு காரணம்.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்துவிட்டுப் போனதல்லவா, அதற்கடுத்த வருடம் என்னை மரக்காணம் பக்கம் அனுப்பினார்கள். பிரம்மதேசம் போகிற வழியில், உப்பளங்கள் முடிந்து கொல்லைகள் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன ஊர். கடல் தண்ணீர் நின்ற நிலத்தில் மாட்டுக்குத் தீவனம் வளர்க்க முடியுமா, எந்தப் புல் அந்த மண்ணைத் தாங்கும் என்று பார்ப்பது வேலை. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. முனைவர் பட்டம் புதிது, ஜீப் பழையது. இரண்டும் அடிக்கடி மக்கர் செய்யும்.

ஆய்வுக்கு நிலம் கொடுத்தவர் சகாயமேரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். தொண்ணூறு சென்ட் கொல்லை, ஒரு வீட்டு மனை, ஒரு பசு. கணவர் லூர்துசாமி உப்பளத்தில் கூலி வேலை. கடல் வருவதற்கு முன் பசு இரண்டாக இருந்தது. வைக்கோலும் இல்லை, புல்லும் இல்லை என்றானபின் ஒன்றை விற்றுவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றின் பால்தான் சொசைட்டிக்குப் போய் அந்த வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தது.

கொல்லைக்குத் தெற்கே, வரப்பை ஒட்டியே உப்புப் பாத்திகள். அவற்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் நடேசன். ஊரில் முதலாளி என்பார்கள். கெட்டவர் இல்லை. கதைக்குக் கெட்டவர் ஒருவர் வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், அந்தப் பொறுப்பையும் நானே ஏற்கத் தயார். கடல் குடித்த மண்ணில் இனிமேல் உப்புதான் விளையும், நீண்ட குத்தகைக்குக் கொடுத்துவிடுங்கள், பாத்தி கட்டிக்கொள்கிறேன் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை பாத்தி கட்டி உப்புத் தண்ணீரை நிறுத்திவிட்டால், அதற்குப் பிறகு அந்த மண்ணில் ஏர் இறங்காது. சகாயமேரிக்கு அது தெரியும். உப்பு வேலை சூடு பிடிக்கிற பருவம் வரை டைம் கேட்டிருந்தார். அதற்குள் கொல்லையில் தீவனம் விளைந்தால் நிலமும் பசுவும் அவரிடம் இருக்கும். விளையாவிட்டால் இரண்டும் போகும்.

இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. முதல் நாளே சொல்லிவிட்டார். "சார், உங்களுக்கு இது பரீட்சை. எனக்கு இது கொல்லை." அதை நான் குறிப்பேட்டில் எழுதியும் வைத்துக்கொண்டேன், நல்ல வாக்கியமாக இருக்கிறதே என்று.

கொல்லையைப் பிரித்துப் பன்னிரண்டு திடல்கள் போட்டோம். நான்கு வகை, ஒவ்வொன்றும் மூன்று இடத்தில். ஒன்று ஒட்டுப்புல். ஒன்று நீர்ப்புல். மூன்றாவது, வடக்கே உவர் நிலங்களில் நன்றாக வருகிறது என்று மூட்டையில் வந்து சேர்ந்த ஒரு புல். அதற்கு நீளமாக ஒரு லத்தீன் பெயர் உண்டு. ஊரில் 'சார் புல்லு' என்றார்கள். நான்காவது வகை, எதுவும் போடாமல் சும்மா விட்ட நிலம். மற்ற மூன்றும் இதைவிட எவ்வளவு மேல் என்று காட்டுவதற்காக அது. சும்மா விட்டதில் தானாகவே அருகம்புல் படர்ந்தது. எங்களில் யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. மண்ணிலிருந்த உப்பில் பாதியை அதுவே கழுவிக்கொண்டு போயிற்று. சார் புல்லு கிடுகிடுவென்று வளர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் முதல் அறுப்பு. எடை போட்டதில் அதற்குத்தான் முதலிடம். சகாயமேரி கட்டாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போய்ப் பசுவுக்குப் போட்டார். பசுவும் குறை ஒன்றும் சொல்லவில்லை. பொங்கல் முடிந்த கையோடு இரண்டாவது அறுப்பு என்று என் கையெழுத்திலேயே திட்டத்தில் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் நிதி கொடுத்தவர்கள் பிப்ரவரியில் நேரில் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. வயல் விழா நடத்த வேண்டும். அடுத்த வருடமும் ஆய்வு தொடருமா என்பது அவர்கள் பார்த்துவிட்டுப் போய் முடிவு செய்கிற விஷயம். அறுத்த புல் கணுக்கால் உயரம் இருக்கும். அறுக்காத புல் இடுப்பு உயரம் நிற்கும். போட்டோவில் எது எடுபடும் என்பதைக் கண்டுபிடிக்க முனைவர் பட்டம் தேவையில்லை. அறுப்பைத் தள்ளிவைத்தேன்.

சகாயமேரி இரண்டு முறை சொன்னார். கதிர் வந்துவிட்டது, இப்போது அறுக்காவிட்டால் தண்டு முற்றிவிடும், அப்புறம் கூரை வேயத்தான் ஆகும் என்றார். விருந்தாளிகள் வந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

"விருந்தாளிங்களா சார் திங்கப் போறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். நகைச்சுவை உணர்வுள்ள பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூட இதை ஒரு சின்னத் தவறு என்று ஆண்டறிக்கையில் ஓரமாக ஒதுக்கியிருக்கலாம். நிற்கவில்லை.

தை மாதத்தில், கொஞ்சம் மேட்டிலிருந்த நிலங்களில் நெல் அறுப்பு முடிந்தது. அந்த வாரம் போனபோது எங்கள் கொல்லையின் நான்கு மூலைகளிலும் வரப்புகளின் நடுவிலுமாக எட்டுக் கழிகள் நின்றன. ஆள் உயரச் சவுக்குக் கழி. தலையில் வைக்கோலை முறுக்கிக் கட்டிய ஒரு கொண்டை. சகாயமேரிதான் நட்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கண்ணேறு, திருஷ்டி, நாட்டார் நம்பிக்கைகள் என்று நான் விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த காலம் அது. விளைச்சல் மேல் ஊர்க்கண் படாமலிருக்க நட்டது என்று குறிப்பேட்டின் கடைசியில் அரைப் பக்கம் எழுதினேன். வைக்கோல் கொண்டை மனிதத் தலையின் குறியீடு என்றுகூட அதில் ஒரு வரி வருகிறது. அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. யாராவது என்னைப் பாராட்டிவிட்டால் வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் படிப்பேன். சரியாகிவிடும்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம், திடல்களுக்குப் பலகைகள் எடுத்துக்கொண்டு போனோம். வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்து, தமிழிலும் இங்கிலீஷிலும். நட்டு முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். பளபளவென்று பன்னிரண்டு பலகைகள். அவற்றைச் சுற்றி, பனியில் நனைந்து கறுத்துப்போன எட்டு வைக்கோல் கொண்டைகள். தலை வாராமல் கல்யாணத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்ட சித்தப்பாக்கள் மாதிரி. போட்டோவில் இவை விழுந்தால் என்ன ஆவது?

சகாயமேரி அன்று ஊரில் இல்லை. தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்குத் திண்டிவனம் போயிருந்தார். மறுநாள் காலை பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். டிரைவர் ஏகாம்பரமும் நானும் எட்டுக் கழியையும் பிடுங்கி, வரப்போரமாக நீள வாக்கில் ஒழுங்காக அடுக்கினோம். ஏகாம்பரம் வானூர்ப் பக்கத்துக்காரர், விவசாயக் குடும்பம். இரண்டாவது கழியைப் பிடுங்கும்போது, "சார், இத அந்தம்மாவ ஒரு வார்த்த..." என்று ஆரம்பித்தார். நான் நம்பிக்கை வேறு, விஞ்ஞானம் வேறு என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். மரியாதை தெரிந்த மனிதர், மிச்சம் ஆறு கழியையும் பிடுங்குகிற வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய் இறங்கினோம். விருந்தாளிகள் வருவது பத்து மணிக்கு.

பலகைகள் பன்னிரண்டும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் இருக்க வேண்டியவை இல்லை. நிலம் முழுக்கக் குளம்புத் தடமும் சாணியும். ஆறாம் திடலில், சார் புல்லின் மேல், அதை மெத்தையாகச் சாய்த்துக்கொண்டு ஒரு செவலைப் பசு காலை மடக்கிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கழுத்தில் நீலக் கயிறு. நாங்கள் நெருங்கியதும் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. சீக்கிரமே வந்து நல்ல இடம் பிடித்துவிட்ட விருந்தாளியின் நிதானம் அதன் முகத்தில் இருந்தது.

வரப்பில் லூர்துசாமி நின்றிருந்தார். அதிகம் பேசாதவர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அந்த ஊரில் நெல் அறுப்பு முடிந்தால் கொல்லைகளில் யார் மாடு வேண்டுமானாலும் மேயலாம். வேலி என்று எதுவும் கிடையாது. பயிர் இன்னும் நிற்கிறவர்கள் வைக்கோல் கட்டிய கழியை நட்டுவைப்பார்கள். ஒரு மாடு உள்ளே போகாது. வேலை முடிந்ததும் கழியைப் பிடுங்குவார்கள், மாட்டை ஓட்டலாம். அவ்வளவுதான். இங்கே பட்டப்பகலில், ஊர் பார்த்துக்கொண்டிருக்க, ஜீப்பில் வந்த அதிகாரியே தன் கையால் எட்டையும் பிடுங்கி அழகாக அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். இதைவிட முறையான அழைப்பு எந்த ஊர் மாட்டுக்கும் கிடைத்திருக்காது.

"மொதல்ல நம்ம மாட்டத்தான் சார் ஓட்டியாந்தேன்" என்றார் லூர்துசாமி. என் முகம் போன போக்கைப் பார்த்து, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "நல்லா தின்னுச்சு சார்" என்றார்.

ஏகாம்பரம் மெதுவாக, "அதான் சார் சொல்ல வந்தேன்" என்றார். உங்களுக்கு ஒரு விஷயம். ஜீப் டிரைவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடிக்க விடுங்கள். எனக்குத் தெரிந்து நம் துறையில் நஷ்டங்கள் பெரும்பாலும் அந்த வாக்கியங்களின் இரண்டாம் பாதியில்தான் இருக்கின்றன.

மூன்று மணி நேரம் இருந்தது. ஏகாம்பரமே ஒரு யோசனை சொன்னார். ஆரோவில் பக்கம் மாடு வைத்திருக்கும் ஒருவர் அவருக்குப் பழக்கம். ஜீப்பில் போய்ப் பச்சைப் புல்லை ஏற்றிக்கொண்டு வந்து மண்ணில் செருகிவிடலாம், வேர் இல்லாவிட்டால் என்ன, மத்தியானம் வரைக்கும் வாடாது என்றார். நான் உடனே மறுத்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. எத்தனை கட்டு வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் மறுத்தேன். ஜீப் கொள்ளாது.

பிறகு எனக்கே ஒரு வழி தோன்றியது. புல்லும் வேண்டாம், ஜீப்பும் வேண்டாம், பேனா போதும். நேற்றே அறுத்து எடை போட்டாயிற்று, அறுத்த நிலத்தில் மாடு மேய்ந்தது என்று சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்க யாரும் இல்லை. முதல் அறுப்பின் எடைகள் குறிப்பேட்டில் இருந்தன. அவற்றோடு கொஞ்சம் கூட்டி, எல்லாம் ஒரே மாதிரி தெரியாமலிருக்க இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் கிள்ளி எடுத்து, வரப்பில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ஆமாம், எழுதினேன். மூன்று திடல்களுக்கு எழுதினேன், தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை. நம் தொழிலில் பொய் சொல்பவன் முழு எண்ணில் சொல்வதில்லை.

நான்காவதை எழுதும்போது காகிதத்தின் மேல் நிழல் விழுந்தது.

சகாயமேரி பஸ்ஸிலிருந்து நேராக வந்திருந்தார். நிச்சயதார்த்தப் பட்டுப்புடவை, கையில் பலகாரப் பை. கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தார். வரப்போரம் அடுக்கியிருந்த கழிகளைப் பார்த்தார். யார் பிடுங்கியது என்று கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் யாரும் அவ்வளவு ஒழுங்காக அடுக்க மாட்டார்கள். கடைசியாக என் மடியிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தார். எட்டாம் வகுப்பு படித்தவர்.

"எப்போ சார் எடை போட்டீங்க?"

நான் பேனாவின் மூடியைத் தேடுவதுபோல் பாவனை செய்தேன். அது பேனாவின் மறுமுனையிலேயே இருந்தது.

"இத நீங்க எழுதிட்டா, சார் புல்லையே கொல்ல முழுக்கப் போடுன்னு சொல்லுவீங்க. நானும் நம்பிப் போடுவேன். அப்புறம் மாடு திங்கலைன்னா, அதுக்கு இந்த நோட்டக் காட்டவா சார்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். அன்று பத்து மணிக்கு நடேசனையும் விழாவுக்கு வரச் சொல்லியிருந்தார் அவர். நீங்களே கண்ணால் பாருங்கள், பார்த்த பிறகு என் முடிவைச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். இப்போது காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பசுவுக்கென்று நின்றிருந்த தீவனமும் ஊர் மாடுகளின் வயிற்றில். எல்லாம் என் கைவேலை. அதை மறைக்க நான் எழுதிக்கொண்டிருந்ததும் கடைசியில் அவர் தலையில்தான் விடியும்.

மூன்றரைத் திடல்களின் எடையையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். இதை ஒரு வீரச் செயல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடிபட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

சகாயமேரி பையை லூர்துசாமியிடம் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திடல்களுக்குள் இறங்கினார். கொஞ்ச நேரம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு கூப்பிட்டார். அருகம்புல் இருந்த திடலைக் காட்டினார். சவரம் செய்த கன்னம் போல இருந்தது. மாடுகள் மண் வரை நக்கியிருந்தன. நீர்ப்புல்லில் அங்கங்கே கொஞ்சம் மிச்சம். ஒட்டுப்புல்லில் இலை போய்த் தண்டு நின்றது. சார் புல்லில் நுனியை மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கடித்துப் பார்த்துவிட்டு விட்டிருந்தன. மீதியின் மேல் படுத்துப் புரண்டிருந்தன.

"மூணு எடத்துலயும் இதே கததான், பாத்தீங்களா" என்றார்.

ஒரே வகையை மூன்று இடத்தில் போடுவது எதற்கு என்று போன ஜூலையில் அவருக்கு நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தை அவர் இப்போது ஒரு வரியில் எனக்குத் திருப்பிக் கொடுத்தார். ஏகாம்பரத்திடமிருந்து டேப்பை வாங்கினேன். எது எவ்வளவு உயரத்துக்கு மிச்சம் இருக்கிறது என்று பன்னிரண்டு திடல்களையும் அளந்தோம். எடைக்கான கட்டத்தில் 'மாடு மேய்ந்துவிட்டது' என்று எழுதினேன். ஆறாம் திடலை அளக்கும்போது செவலை எழுந்திருக்க மறுத்ததால் அதைச் சுற்றி அளக்க வேண்டியதாயிற்று. அதையும் எழுதினேன்.

பத்து மணிக்கு எங்கள் துறைத்தலைவர் விருந்தாளிகளோடு வந்து இறங்கினார். சர்க்கரை வியாதிக்காரர், பசி நேரத்தில் கோபம் அதிகம், சாப்பிட்ட பிறகு இன்னும் கொஞ்சம் அதிகம். கொல்லையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டிக் குறிப்பேட்டை வாங்கினார். அடித்திருந்த எண்களில் விரலை வைத்து இது என்ன என்றார்.

"அது பொய் சார். கீழ இருக்கிறது நிஜம்."

அந்த இரண்டு இலக்கத் தசமங்களை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். "பொய் நல்லா வருதுப்பா உனக்கு" என்றார். கிழிக்கப் போனேன், கிழிக்காதே, இருக்கட்டும் என்றார். பிறகு விருந்தாளிகளிடம் திரும்பி, நேற்று என்ன நடந்தது என்பதை இவர் சொல்லுவார் என்று என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

சொன்னேன். அறுப்பைத் தள்ளிவைத்தது, கழியைப் பிடுங்கியது, மாடுகள் வந்தது, எதை எதைத் தின்றன என்பது, எல்லாம். குறியீட்டு விவகாரத்தை மட்டும் விட்டுவிட்டேன். விருந்தாளிகளில் வெள்ளை ஷூ போட்டிருந்த ஒருவர் மொத்தம் எத்தனை மாடுகள் என்று கேட்டார். எண்ணியவர் யாரும் இல்லை. அப்போது லூர்துசாமி முன்னால் வந்து, அவர் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினார். "எங்க வீட்டுது ஒண்ணு. அந்தோணி வீட்டுது ரெண்டு. வாத்தியார் வீட்டுக் கன்னுக்குட்டி. பால்காரர் வீட்டு ஜோடி" என்று விரல் மடக்கிக்கொண்டே போனார். இருபதைத் தாண்டி, ஆறாம் திடலைக் காட்டி, "அப்புறம் அது..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் பார்வை முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போய்விட்டுத் திரும்பியது.

அங்கே நடேசன் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சின்ன டைரி. நாங்கள் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். எழுந்து முதலில் என்னிடம்தான் வருத்தம் தெரிவித்தார். பாவம், நீங்களும் வெயிலில் நின்று கஷ்டப்பட்டீர்கள், மண் அப்படி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார். மனதாரச் சொன்னார் என்பதால் கூடுதலாக வலித்தது. பிறகு சகாயமேரியிடம் திரும்பினார்.

"இன்னா மேரி. நான் அப்பவே சொன்னேன்ல, கடல் குடிச்ச மண்ணுல ஒண்ணும் வெளையாதுன்னு. கண்ணெதிர்க்க மொட்டையா கெடக்குது. நாளைக்கு ஆளுங்கள அனுப்பிப் பாத்தி கட்டிடட்டுமா?"

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். அந்த நிலத்துக்காகப் பேச வேண்டியவன் நான். என்னிடமிருந்தது ஒரு டேப்பும், அடித்துத் திருத்திய ஒரு பக்கமும்.

சகாயமேரி நேராக ஆறாம் திடலுக்குப் போனார். செவலையின் முதுகில் தட்டினார். "ஏய், எழுந்திரு. உங்க முதலாளி வந்திருக்காரு பாரு."

செவலை தவணை முறையில் எழுந்தது. முதலில் பின்னங்கால்கள், கொஞ்சம் யோசனை, பிறகு முன்னங்கால்கள். வயிறு இரண்டு பக்கமும் தம்பட்டமாக உப்பியிருந்தது. நடேசனை அடையாளம் கண்டுகொண்டு, அவ்வளவு கூட்டத்தில், ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட்டது.

"நேத்து சாயங்காலம் உங்க வீட்டு செவலை ஒட்டுன வயித்தோட வந்துச்சாம். இப்ப வயித்தப் பாருங்க. ஒண்ணும் வெளையாத கொல்லையில இது இன்னாத்த தின்னுச்சுன்னு கொஞ்சம் கேட்டு சொல்லுங்க மொதலாளி."

முதலில் சிரித்தது ஏகாம்பரம். பிறகு ஊர். வெள்ளை ஷூக்காரருக்கு ஒருவர் இங்கிலீஷில் சொல்ல, அவர் கொஞ்சம் தாமதமாகத் தனியாகச் சிரித்தார். நடேசன் பசுவைப் பார்த்தார். அதன் வயிற்றைப் பார்த்தார். முப்பது வருடம் உப்பு எடுத்த மனிதர். கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. அவர் முகமும் மெல்ல இளகியது.

"சரி விடு. இந்த வருஷம் கேக்கல" என்றார்.

"எந்த வருஷமும் கேக்காதீங்க" என்றார் சகாயமேரி.

விருந்தாளிகள் இன்னும் ஒரு வருடத்துக்கு நிதி கொடுத்தார்கள். அதை அறிவிப்பதற்கு முன் துறைத்தலைவர் என்னை ஜீப் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், ஒரு சாயங்காலத்து மாட்டுப் பசியை வைத்துக்கொண்டு முடிவு எழுதிவிடாதே என்று எச்சரித்தார். சார் புல்லை மாடு ஒதுக்கியது புல்லின் குற்றமில்லை, போட்டோவுக்காக அதை முற்றவிட்ட உன் குற்றம், எல்லாவற்றையும் திரும்பச் செய் என்றார். திரும்பச் செய்தோம். பள்ளமான பாதியில் நீர்ப்புல். மேட்டில் அருகை அதன் பாட்டுக்கு விட்டோம். ஓரமாகச் சார் புல்லும் இருந்தது. கதிர் வருமுன் அறுத்துப் போட்டதும் பசு அதையும் தின்றது. அறுக்கும் நாளை சகாயமேரி சொன்னார். நான் தேதி மட்டும் எழுதினேன். அடுத்த மழைக்குள் அவர் வீட்டில் பசு மறுபடி இரண்டாயிற்று. இதெல்லாம் ஆண்டறிக்கையில் இருக்கிறது. இந்த ஒரு பகுதியை நம்பலாம்.

அதெல்லாம் பிறகு. அன்று விழா முடிந்து, டீ குடித்து, கூட்டம் கலைந்த பின் நடேசன் நீலக் கயிற்றைப் பிடித்துச் செவலையை ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். வரப்பேறும் இடத்தில் அது நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தார், நகரவில்லை. ஒன்பதாம் திடலின் ஓரத்தில் மற்ற மாடுகள் விட்டுவைத்த அருகு விரற்கடை அளவு இருந்தது. செவலை குனிந்து அதை நிதானமாகக் கடித்தது. கொஞ்ச நேரம் முன்பு வரை அந்த இடத்தில் பாத்தி கட்ட நினைத்திருந்தவர், கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, அது தின்று முடிக்கும்வரை வெயிலில் நின்றார்.